அக்ரிலிக்: நெடியில் பிறந்த பெயர்

மீன் தொட்டி, பெயர்ப்பலகை, வண்டியின் பின்விளக்கு மூடி என்று எங்கு பார்த்தாலும் அக்ரிலிக் இருக்கிறது. கண்ணாடி மாதிரியே தெளிவு. பெயர் மட்டும் ஒரு கெட்ட நெடியிலிருந்து வந்தது.

எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண்ணைக் கரிக்கிறதே, அதற்குக் காரணமான பொருட்களில் ஒன்று அக்ரோலின். 'காரமான', 'வாடை வீசு' என்னும் பொருள்தரும் இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்த பெயர் அது. அதிலிருந்து கிடைத்த அமிலம் அக்ரிலிக் அமிலம். அந்த அமிலத்தின் உறவுக்காரனான மெத்தில் மெத்தாக்ரிலேட்டின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் நம் தகடு. ஜெர்மனியில் வேதியியலாளர் ஓட்டோ ரோம் 1933-இல் இதற்குப் பிளெக்ஸிகிளாஸ் என்று பெயர் பதிவு செய்தார். பிரிட்டனில் பெர்ஸ்பெக்ஸ் என்றார்கள். 'ஊடுருவிப் பார்' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்த பெயர். என்னைக் கேட்டால் இதுதான் பொருத்தமான பெயர். விழும் ஒளியில் 92 விழுக்காட்டை ஊடுருவ விட்டுவிடுகிறது, எடையோ கண்ணாடியில் பாதிதான்.

போர் விமானங்களின் மேல்மூடி இதில்தான் செய்யப்பட்டது. மூடி உடைந்து சில்லு கண்ணில் தைத்த விமானிகளுக்கு அந்தச் சில்லால் கண் பெரிதாக அழற்சி அடையவில்லை என்பதைக் கவனித்தார் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி. 1949-இல் கண்ணுக்குள் வைக்கும் முதல் செயற்கை வில்லையை இதே பொருளில் செய்வித்துப் பொருத்தினார். பல்செட்டின் ஈறுப்பகுதியும் பெரும்பாலும் இதுவே.

குறையும் உண்டு. எளிதில் கீறல் விழும். அசிட்டோன் பட்டால் கரையும், ஸ்பிரிட்டால் துடைத்தால் மயிரிழை வெடிப்புகள் ஓடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பிளாஸ்டிக்குக்கு 'நெகிழி' இருக்கிறது. சூடேறினால் நெகிழ்ந்து வளையும் இந்தப் பொருளுக்கு அது கச்சிதம். 'நெகிழியாடி' என்று சுருக்க ஆசைதான். ஆனால் குழியாடி, குவியாடி என்று பாடநூல்களில் 'ஆடி' முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. அதனால் 'நெகிழிக் கண்ணாடி' மேல். பாலிகார்பனேட் என்னும் இன்னொரு தெளிவான நெகிழியும் இதற்குள் வந்துவிடும் என்பது ஒரு சிக்கல். வெறும் 'அக்ரிலிக்' என்றாலோ பெயின்ட்டா, கம்பளி நூலா, தகடா என்று தெரியாது. எழுதும்போது முதல் இடத்தில் 'அக்ரிலிக் நெகிழிக் கண்ணாடி' என்று முழுசாகச் சொல்லிவிட்டு, அப்புறம் 'நெகிழிக் கண்ணாடி' என்று சுருக்கிக்கொள்ளலாம்.