ஓடாத காருக்கு ஏன் விலை இறங்குகிறது?

1988 அக்டோபரில் பர்மிங்காம் மோட்டார் கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனம் எக்ஸ்ஜே220 என்ற மாதிரிக் காரை நிறுத்தியது. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். அதிகபட்சம் 350 கார்கள்தான் செய்வோம் என்று அடுத்த ஆண்டு இறுதியில் அறிவிப்பு வந்தது. விலை வரி நீங்கலாக 2,90,000 பவுண்டு, முன்பணம் மட்டும் 50,000 பவுண்டு. அதைக் கட்டி இடம் பிடிக்கவும் அடிபிடி. அப்படிக் கட்டியவர்களில் பலருக்கு ஓட்டும் எண்ணமே கிடையாது. கார் கைக்கு வருமுன் அந்த இடத்தை இன்னொருவருக்குக் கைமாற்றி லாபம் பார்த்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

1992-இல் கார் வந்தது. பன்னிரண்டு சிலிண்டருக்குப் பதில் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின். இழுவிசை பின்சக்கரங்களுக்கு மட்டும். பணவீக்கத்துக்கு ஏற்ப விலை ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்ததால், வரியோடு சேர்த்து ஏறத்தாழ 4,70,000 பவுண்டு ஆகிவிட்டது. அதற்குள் பிரிட்டனில் மந்தநிலை வேறு. பலர் காரை எடுக்க மறுத்தார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தயாரானவை 300-ஐத் தொடவில்லை. 1997-இல்கூடச் சில புத்தம்புதுக் கார்கள் விற்காமல் நின்றன. அப்போது கேட்ட விலை, வரி நீங்கலாக 1,30,000 பவுண்டுக்கும் கீழே.

டயர் தேயவில்லை, கிளட்ச் தேயவில்லை. ஆனால் விலை பாதிக்கு மேல் போய்விட்டது. அப்படியானால் தேய்ந்தது எது?

சாதாரணக் காருக்கு இதற்குப் பதில் எளிது. வயது, ஓடிய தூரம், வாரண்டி முடிந்த பிறகு வரப்போகும் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு, மிச்சமிருக்கும் உழைப்புக்கு வாங்குபவர் பணம் தருகிறார். ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இறங்கும். உயர்ரக ஸ்போர்ட்ஸ் காரின் விலைக்குள் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, அதுதான் வரிசை. ஷோரூமில் இன்று பதிந்தால் இரண்டு ஆண்டு கழித்துத்தான் கிடைக்கும் என்றால், இப்போதே சாவி கைக்கு வருகிற பழைய காருக்கு, காத்திருக்க மனமில்லாதவர் கூடுதலாகக் கொடுப்பார்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். புதுக் காரின் விலை 2,50,000 பவுண்டு. ஓராண்டு ஓடியதற்கான கழிவு 30,000. இரண்டு ஆண்டுக் காத்திருப்பைத் தவிர்க்க ஒருவர் 40,000 தரத் தயார். ஆக, பழைய காரின் விலை 2,60,000, அதாவது புதியதைவிட அதிகம்! வரிசை மூன்று மாதமாகச் சுருங்கினால் அந்த 40,000 என்பது 5,000 ஆகிவிடும், விலை 2,25,000. வரிசையே இல்லாமல் போய், டீலரே சத்தமில்லாமல் 15,000 தள்ளுபடி தரத் தொடங்கினால், புதியதே 2,35,000-க்குக் கிடைக்கும், பழையது 2,05,000-க்கு வந்து நிற்கும். அதே ஓராண்டுக் காருக்கு 55,000 பவுண்டு வித்தியாசம். இயந்திரத்தில் ஒரு போல்ட்கூட மாறவில்லை.

வரிசை ஏன் திடீரென்று கலைகிறது? அதில் நிற்பவர்கள் எல்லாரும் ஓட்டுநர்கள் அல்ல என்பது ஒரு காரணம். வட்டி இன்னொரு காரணம். 2021 டிசம்பர் தொடக்கத்தில் பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி விகிதம் 0.1 சதவீதம். 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதம். வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்தபோது இரண்டரை லட்சம் பவுண்டைக் கொட்டகையில் காராக நிறுத்தி வைப்பதால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. ஐந்து சதவீதத்தில் அதே பணம் வங்கியில் கிடந்தால் ஆண்டுக்கு 12,500 பவுண்டு தரும். காப்பீடு, சர்வீஸ் செலவெல்லாம் தனி. விலை ஏறும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நம்பிக்கை லேசாக ஆடியதும், லாபத்துக்கு வாங்கியவர்கள்தான் முதலில் கணக்கு பார்க்கிறார்கள். அவர்கள் விற்க வர, சந்தையில் கார்கள் கூடுகின்றன, விலை இறங்குகிறது, அந்த இறக்கத்தைப் பார்த்து அடுத்த ஆள் விற்க வருகிறார். ஓட்டுவதற்காக வாங்கியவர்கள் மட்டும் இருந்தால் இந்தச் சுழல் இவ்வளவு வேகமாகச் சுற்றாது.

இந்த இறக்கம் விளம்பர விலையில் உடனே தெரியாது. புறநகர் மனை போலத்தான் இதுவும். சந்தை படுத்தாலும் சொல்லும் விலையை யாரும் குறைப்பதில்லை, பத்திரப்பதிவு மட்டும் நின்றுபோகும். முதலில் நீள்வது, கார் விற்காமல் நிற்கும் நாட்கள். அடுத்து, டீலர்கள் தங்கள் பணத்தைப் போட்டுக் காரை வாங்குவதை நிறுத்திவிட்டு, ‘விற்றால் கமிஷன், விற்காவிட்டால் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற ஏற்பாட்டுக்குப் போகிறார்கள். ஏலத்தில் குறைந்தபட்ச விலையைத் தொடாமல் திரும்பும் கார்கள் பெருகுகின்றன. கடன் வாங்கி இருப்பு வைத்த டீலருக்கு மாதாமாதம் வட்டி கடிக்கத் தொடங்கும்போதுதான் விளம்பர விலை அசைகிறது. அதற்குள் உண்மையான விலை எங்கேயோ போயிருக்கும். சந்தை நிலவரம் அறிய விளம்பரங்களைப் பார்ப்பதைவிட, “என் காரை இன்றே ரொக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று டீலரிடம் கேட்டுப் பார்ப்பது மேல்.

வரிசையைக் கலைக்க மந்தநிலைகூடத் தேவையில்லை என்பதற்கு போர்ஷே 911 ஆர் நல்ல சாட்சி. 2016-இல் 991 கார்கள் மட்டும் என்ற அறிவிப்போடு வந்தது. போர்ஷேயின் பந்தயச் சாயல் கொண்ட ஜிடி3 ஆர்எஸ் காரின் எஞ்சின், பின்புற இறக்கை இல்லாத உடம்பு, கையால் மாற்றும் (மேனுவல்) கியர். அந்தத் தலைமுறை ஜிடி3 கார்களில் அதுவரை மேனுவல் கியரே கிடையாது என்பதால் ரசிகர்கள் பித்துப் பிடித்து அலைந்தார்கள். அமெரிக்க விலை சுமார் 1,85,000 டாலர், கைமாறிய விலையோ அதைப்போல் சில மடங்கு. 2017-இல் போர்ஷே ஜிடி3-இலேயே மேனுவல் கியரைக் கொடுத்தது. அதே ஆண்டில், இறக்கை இல்லாத டூரிங் பதிப்பையும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் வெளியிட்டது. 911 ஆர் விலை சரிந்தது. ஆர் இன்றும் அரிய கார்தான். ஆனால் அது தந்த அனுபவம் அரியதாக இல்லாமல் போய்விட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னால், போர்ஷே செய்தது ஓட்டுநர்களுக்கு நல்லது, ஊகக்காரர்களுக்குக் கெட்டது.

சந்தை கேட்பதைவிட ஒரு கார் குறைவாகவே கொடுக்க வேண்டும் என்பது ஃபெராரி நிறுவனர் என்சோ ஃபெராரியின் கொள்கையாகச் சொல்லப்படுகிறது. ஃபெராரி 2014-இல் விநியோகித்தவை 7,255 கார்கள். 2024-இல் 13,752. பத்தே ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனாலும் ஃபெராரியின் விலை பல போட்டியாளர்களைவிட நின்று பிடிப்பதற்கு ஒரு காரணம், அதன் ஒதுக்கீட்டு முறை. 799 மட்டுமே தயாராகும் எஃப்80 போன்ற காரை யாருக்குத் தருவது என்பதை நிறுவனமே தீர்மானிக்கும். பழைய வாடிக்கையாளர்களுக்கே முன்னுரிமை. அதனால் வழக்கமான மாடலை வாங்கி, அதில் கொஞ்சம் நட்டப்பட்டாலும் பரவாயில்லை, நாளைக்குச் சிறப்புக் கார் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நட்டம் அவர்களுக்கு நுழைவுக் கட்டணம். ஆனால் சிறப்புக் காரின் மேல்விலை குறைந்துவிட்டால், அவ்வளவு கட்டணம் கட்ட யார் வருவார்கள்? உச்சியில் ஏற்படும் சரிவு இப்படித்தான் அடிவரை இறங்கி வருகிறது.

மெக்லாரன் இதன் மறுபக்கம். 2011-இல் 12சி, 2014-இல் 650எஸ், 2017-இல் 720எஸ் என்று, ஒரு காருக்கு லோன் கட்டி முடிப்பதற்குள் அதைவிட வேகமான அடுத்தது வந்து நிற்கும். பொறியியலில் குறை சொல்ல முடியாது. ஆனால் புதியது சீக்கிரமே வரும் என்று தெரிந்த சந்தை, பழையதற்கு மேல்விலை தராது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு இது விருந்து.

ஆப்ஷன்களின் கதை சின்னதுதான். கார்பன் ஃபைபர் இருக்கை, சிறப்பு வண்ணத் தையல் என்று ஏராளமாகச் செலவழித்துச் சேர்க்கிறார்கள். முதல் உரிமையாளரின் ரசனைக்கு இரண்டாமவர் பணம் தரமாட்டார்.

இந்த விலை இறக்கம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு போர்ஷே கரெரா ஜிடியைப் பார்க்கலாம். 2003 முதல் 2006 வரை 1,270 கார்கள். 1,500 செய்வதாகத்தான் திட்டம், அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. அமெரிக்காவில் புதிதாக 4,40,000 டாலர். 2008 நெருக்கடிக் காலத்தில் அதைவிட வெகுவாகக் கீழே கிடைத்தது. இன்று 10 லட்சம் டாலரைத் தாண்டி விற்கிறது. விற்க வேண்டிய நெருக்கடியில் இருந்தவர்கள் எல்லாம் விற்று முடித்த பிறகு, மிச்சம் இருந்தவர்கள் விற்க விரும்பாதவர்கள். அதற்குள் டர்போ இல்லாத பத்து சிலிண்டர் எஞ்சினும் மேனுவல் கியரும் சேர்ந்த கார்களைச் செய்ய ஆளில்லாமல் போயிற்று.

இதே பாதையில் இன்றைய ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கார்களும் ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயங்குவேன். பத்து சிலிண்டர் எஞ்சினைத் தேர்ந்த மெக்கானிக் பிரித்துக் கோர்த்துவிடுவார். பேட்டரி செல்லின் வேதியியலைப் பிரித்துக் கோர்க்க முடியாது. ஓட்டாமல் நிறுத்தினாலும் செல்களுக்கு வயது கூடும். இருபது ஆண்டு கழித்து அதே அளவில், அதே மின்னழுத்தத்தில் பேட்டரி கிடைக்குமா என்ற கேள்வி ஃபெராரியின் எஸ்எஃப்90 போன்ற ஹைபிரிட் கார்களின் மறுவிற்பனை விலையில் இப்போதே கழிக்கப்படுகிறது. ஃபெராரி இதைப் புரிந்துகொண்டுதான், ஆண்டுச் சந்தா கட்டினால் 8-ஆம் ஆண்டிலும் 16-ஆம் ஆண்டிலும் பேட்டரியை மாற்றித் தரும் திட்டத்தை 2024-இல் அறிவித்தது. செகண்ட் ஹேண்டில் வாங்க வருபவர் இனி கிலோமீட்டரைப் பார்க்கும் முன் சந்தா பாக்கி இருக்கிறதா என்று கேட்பார்.