ஐஎஸ்ஓ 14001 இருந்தால் மட்டும் பொருள் பசுமையாகிவிடாது

பல்கலைக்கழகத் துறைகள் அனுப்பும் கொள்முதல் கோப்புகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. விலைப்புள்ளியோடு ஐஎஸ்ஓ 14001 சான்றிதழின் நகல் ஒன்று, அதன் ஓரத்தில் 'பசுமைப் பொருள்' என்று ஒரு குறிப்பு. இந்த வாரக் கோப்பிலும் அதேதான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதியே வைக்கிறேன்.

ஐஎஸ்ஓ 14001 பொருளுக்குத் தரும் சான்று அல்ல, நிறுவனத்தின் நிர்வாக முறைக்குத் தருவது. கழிவு, மின்சாரம், சட்ட இணக்கம் ஆகியவற்றைக் கவனிக்க அங்கே ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். அங்கே தயாராகும் பிரிண்டர் எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எத்தனை வருடம் உழைக்கும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும் இயந்திரத்தைச் செய்கிற ஆலைக்கும் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். விநியோகிப்பவர் தன் அலுவலகத்துக்கு வாங்கியதை நீட்டினால் இன்னும் மோசம், அவர் அந்தப் பொருளைச் செய்யவே இல்லை. மின்னணுப் பொருள்களில் இருக்கும் ரோஹ்ஸ் முத்திரையும் ஈயம், பாதரசம் போன்ற சில நச்சுகளின் அளவுக்கு மட்டும்தான். பிளாஸ்டிக்கின் அடியில் மூன்று அம்புக்குள் இருக்கும் எண் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவே.

கேட்க வேண்டியது பொருளுக்கான சான்று: மலேசிய அரசு பசுமைப் பொருள்களுக்குத் தரும் மைஹிஜாவ் முத்திரை, தரச்சான்று நிறுவனமான சிரிம் தரும் சூழல் முத்திரை, மின்சாதனம் என்றால் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரை. நகலைப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள். மைஹிஜாவ் பட்டியலை இணையத்தில் திறந்து சான்று யார் பெயரில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது, மாடல் எண் என்ன என்று பாருங்கள். மாடல் எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கடைசி எழுத்து மாறினாலே அது வேறு இயந்திரம். இரண்டு பக்கமும் தானாக அச்சிடும் வசதி உண்டா இல்லையா என்பதைப் பல பிராண்டுகளில் அப்படி ஓர் எழுத்துதான் சொல்கிறது.

விவரக்குறிப்பில் 'சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக இருக்க வேண்டும்' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். அளக்க முடியாத நிபந்தனையை வைத்து யாரையும் தகுதி நீக்க முடியாது, கடைசியில் மலிவானதுதான் வரும். 'விலை குறைந்ததைத்தானே எடுக்க வேண்டியிருக்கிறது' என்ற புலம்பலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. எந்த விலையை ஒப்பிடுவது என்று முடிவு செய்வது நீங்கள் எழுதும் குறிப்பே.

கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டருக்கு, ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 முறைப்படி ஒரு டோனர் எத்தனை பக்கம் தரும் என்று எழுத்தில் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, 180 ரிங்கிட் டோனர் 1,500 பக்கம் தந்தால் பக்கத்துக்கு 12 சென். 320 ரிங்கிட் டோனர் 4,000 பக்கம் தந்தால் 8 சென். மாதம் 3,000 பக்கம் அச்சிடும் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளில் வித்தியாசம் 4,320 ரிங்கிட். பிரிண்டரின் விலையில் மிச்சம் பிடித்த சில நூறு அதில் கரைந்துவிடும். புதிய பிரிண்டரோடு வரும் டோனர் பெரும்பாலும் முழுதாக நிரப்பியது அல்ல, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஏ4 தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம் என்றால் 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ, 70 கிராம் என்றால் ஏறக்குறைய 2.2 கிலோ. உள் அலுவலகப் பிரதிகளுக்கு 70 போதும். மறுசுழற்சித் தாள் சிக்கிக்கொள்கிறது என்று புகார் வந்தால், கட்டைப் பிரித்துத் திறந்தபடி போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் எந்தத் தாளும் சுருளும்.

ஏர்கோன் வாங்கும்போது ஐந்து நட்சத்திரம் கேட்கிறீர்கள், நல்லது. உள்ளே நிரப்பியிருக்கும் குளிர்வாயு எது என்றும் கேளுங்கள்: ஆர்410ஏ வாயுவின் புவிவெப்ப விளைவு கரியமில வாயுவைவிட 2,088 மடங்கு, ஆர்32 வாயுவுக்கு 675. அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய இயந்திரம் வேண்டவே வேண்டாம். சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்காது, அலமாரியில் புத்தகம் பூஞ்சை பிடிக்கும்.

கருத்தரங்குச் சாப்பாட்டுக்கு 'மக்கும்' டப்பா கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிஎல்ஏ எனும் தாவரப் பிளாஸ்டிக்கில் செய்த டப்பா மக்க 60 பாகை செல்சியஸுக்கு நெருக்கமான வெப்பத்தில் இயங்கும் உரமாக்கும் ஆலை வேண்டும். உங்கள் குப்பை போவது பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்கு. சமையல்காரரிடம் கழுவிப் பயன்படுத்தும் தட்டும் குவளையும் கேட்டு, திரும்ப எடுத்துச் செல்வதையும் விலைப்புள்ளியிலேயே எழுத வையுங்கள். வாழையிலை என்றாலும் சரி. சிறு போத்தல் தண்ணீருக்குப் பதில் பெரிய தண்ணீர்க் கலன் போதும்.

வாங்கும்போதே கழிக்கும் வழியையும் எழுதுங்கள். பழைய கணினியும் பிரிண்டரும் எஸ்டபிள்யூ 110 வகை அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்டிருக்கும் ஆபத்தான கழிவு. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். லோரியில் பழைய சாமான் எடுக்க வருபவரிடம் கொடுத்தால் பொறுப்பு பல்கலைக்கழகத்தின் தலையில்தான் விழும்.

டிசம்பரில் மிச்சமிருக்கும் ஒதுக்கீட்டைக் காலி செய்ய டோனரை வாங்கிக் குவிக்காதீர்கள், தயவுசெய்து. அடுத்த ஆண்டு பிரிண்டர் மாறினால் அத்தனை பெட்டியும் பிரிக்காமலே கழிவாகும். கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் சாமான் அறைக்குப் போய் இருப்பை எண்ணிப் பாருங்கள். பக்கத்துத் துறையில் உபரி இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.