அந்த வைப்புத்தொகை உங்களுடையதல்ல

வங்கியில் வைப்பை வைத்துக்கொண்டே கார்டு கடனுக்கு வட்டி கட்டுகிறவர்களில், போன வாரம் வந்தவர் இந்த மாதத்தில் நான்காவது ஆள். கடன் ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு இதில் அலுப்பு வரக்கூடாதுதான். வந்துவிட்டது.

கைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று கிரெடிட் கார்டு அறிக்கை. நான்காக மடித்து மடித்து, மடிப்பே நைந்துபோயிருந்தது. மற்றது வங்கியின் வைப்புச் சான்று. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. மூலையில் பேனாவால் மகளின் பெயரை எழுதியிருந்தார். கார்டில் நிலுவை 2 லட்சம், வட்டி மாதம் 3 சதவீதம். வைப்பில் 3 லட்சம், வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்: “மேடம், இதை மட்டும் தொடச் சொல்லாதீர்கள். இது குழந்தையின் பணம்.”

தொடக்கூடாது என்றால் எதற்காக எடுத்துவந்தார் என்று நான் கேட்கவில்லை. எல்லாரும் எடுத்துத்தான் வருகிறார்கள்.

முதலில் இந்த 3, 6 விவகாரத்தைத் தீர்த்துவிடுவோம். ஒரு காகிதத்தில் 3 என்றும் மற்றதில் 6 என்றும் அச்சடித்திருப்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. “கொடுப்பதைவிட வாங்குவது கூடத்தானே?” என்று நன்றாகப் படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். ஒன்று மாதக் கணக்கு, மற்றது ஆண்டுக் கணக்கு. மாதம் 3 என்பது ஆண்டுக்கு 36. வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 42ஐத் தாண்டும். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாக ஆகும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது பழைய வாய்க்கணக்கு. 1494இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூலிலேயே இருக்கிறது. அதன்படி கட்டாமல் விட்ட கார்டு கடன் 24 மாதங்களில் இரட்டிக்கும். 6 சதவீத வைப்பு இரட்டிக்க 12 ஆண்டுகள் ஆகும்.

இப்போது அவருடைய கணக்கு. கார்டுக்கு மாதம் 6,000 வட்டியாகவே போகிறது. வைப்பிலிருந்து 2 லட்சத்தை எடுத்துக் கடனை முடித்திருந்தால் மாதம் 1,000 வட்டி வருமானம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். அதாவது அந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பதற்கு மாதம் 5,000 கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார். கட்டுவதும் புதிதாகத் தேய்ப்பதும் ஈடாகி, நிலுவை 19 மாதங்களாக 2 லட்சத்தை விட்டு அசையவில்லை. 19 மாதத்துக்கு 95,000. குழந்தையின் பணத்தைத் தொடாமல் காப்பாற்றியதற்கான செலவு, குழந்தையின் பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். சேமிப்பு ஒரு பெட்டி, கடன் வேறு பெட்டி, ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பது. ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர் இதற்கு மனக் கணக்கு என்று பெயரே வைத்திருக்கிறார். 2017இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2002இல் கிராஸ், சூலெலெஸ் என்ற இருவர் அமெரிக்கத் தரவுகளைப் பார்த்துவிட்டு, கையில் பணத்தை வைத்துக்கொண்டே கார்டுக்கு வட்டி கட்டுகிறவர்கள் ஏராளம் என்று எழுதினார்கள். ஆக, இது இவர் ஒருவரின் அறியாமை இல்லை. மனித மனம் அப்படித்தான் பெட்டி பெட்டியாகப் பிரிக்கும். வட்டிக்குப் பெட்டி தெரியாது.

உங்களிடம் 3 லட்சம் இருக்கிறது, நீங்கள் 2 லட்சம் தர வேண்டும். உங்கள் சொத்து 1 லட்சம். மீதி 2 லட்சம் கார்டு நிறுவனத்தின் பணம். அதை 36 சதவீதத்துக்கு வாங்கி, 6 சதவீதத்துக்கு வங்கியில் போட்டு, மூலையில் மகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறீர்கள். இப்படி ஒரு வியாபாரம் செய்யலாம் வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள் இல்லையா?

“முறித்தால் அபராதம் பிடிப்பார்களே?” பிடிப்பார்கள். பெரும்பாலும் வட்டியில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ குறைப்பார்கள். 36ஐ நிறுத்துவதற்கு 1 பெரிய விலையா? அப்படியும் முறிக்க மனம் வரவில்லை என்றால், அந்த வைப்பையே ஈடாகக் காட்டி வங்கியில் கடன் வாங்கிக் கார்டை முடியுங்கள். வைப்பு வட்டியைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் கேட்பார்கள். நான் இரண்டாம்பட்சமாகச் சொல்லும் வழி இது. ஆனால் மூன்றாவது ஆண்டும் யோசித்துக்கொண்டே இருப்பதைவிட மேல்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துக் கடனில் கொட்டிவிடலாமா? தயவுசெய்து வேண்டாம். இந்தத் தவற்றைச் செய்கிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு. விழும்போது பலமாக விழுகிறார்கள். ஒருவர் என் பேச்சைப் பாதி கேட்டுவிட்டுப் போய், கணக்கில் இருந்த கடைசிக் காசு வரை கார்டுக்குக் கட்டினார். நிலுவை பூஜ்யம். பெருமையாகத் தொலைபேசியில் சொன்னார். பத்தாம் நாள் கடைவாய்ப் பல் வீங்கியது. கையில் எதுவும் இல்லை. கைப்பேசிச் செயலியில் ஐந்தே நிமிடத்தில் கடன் தருகிறவர்கள் எப்போதும் விழித்திருப்பார்கள். கார்டைவிட மோசமான வட்டிக்குப் போய் மாட்டிக்கொண்டார். “கார்டில் வரம்பு காலியாக இருந்ததே, அதையாவது எடுத்திருக்கலாமே?” என்று கேட்டேன். நிலுவையைக் கட்டி முடித்த கையோடு நிறுவனம் வரம்பைக் குறைத்துவிட்டதாம். வரம்பு என்பது அவர்கள் நினைத்தால் தருவது, நினைத்தால் எடுப்பது. அதை நம்பி அவசரகாலத் திட்டம் போடாதீர்கள்.

ஆகவே ஒரு மாதத்துக்கான தவிர்க்க முடியாத செலவு கையில் இருக்கட்டும். வாடகை, உணவு, மருந்து, தவணைகள், இவ்வளவே. வேலை ஆட்டம் கண்டிருந்தாலோ, வருமானம் மாதாமாதம் ஏறி இறங்கினாலோ இரண்டு, மூன்று மாதம் வரை போகலாம். ஆறு மாதச் செலவைச் சேர்த்து வை என்று எல்லாரும் சொல்கிறார்களே என்பீர்கள். அது கடன் இல்லாதவர்களுக்குச் சொன்னது. அதற்கு மேல் இருப்பதெல்லாம் விலை உயர்ந்த கடனுக்குப் போக வேண்டும்.

விலை உயர்ந்த என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லாக் கடனுக்கும் இந்த அவசரம் இல்லை. குறைந்த வட்டியில் வீட்டுக் கடனோ கல்விக் கடனோ ஓடிக்கொண்டிருந்தால், தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டே சேமிப்பதில் தப்பே இல்லை. ஓய்வூதியக் கணக்கில் நீங்கள் போடுவதற்கு ஈடாக நிறுவனமும் போடுகிறது என்றால் அதை நிறுத்தாதீர்கள். போட்ட கணமே இரட்டிப்பாகும் பணம் வேறெங்கும் கிடைக்காது. தனிநபர் கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: வட்டி போடுவது கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கா, முதலில் வாங்கிய முழு அசலுக்கா? மாதத் தவணையில் கட்டும் ஓராண்டுக் கடனுக்கு 12 சதவீதம் ஃபிளாட், அதாவது கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி, என்று சொன்னால் உண்மையில் நீங்கள் கட்டுவது 21 சதவீதத்துக்கும் மேல்.

கடன் பல இருந்தால் அதிக வட்டியை முதலில் அடையுங்கள் என்பேன். சிறிய கடனை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. எதையாவது முடித்தால் சரி.

கார்டைப் பற்றி ஒரு கண்டிப்பு. முழு நிலுவையையும் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டேன் என்று நிம்மதியாகத் தேய்ப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை. கடனை அடைக்கத் தொடங்கிய நாளே கார்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். தனிநபர் கடன் வாங்கிக் கார்டை அடைத்தவர்கள் ஓராண்டு கழித்து இரண்டு கடன்களோடும் என் எதிரில் வந்து உட்கார்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உறையோடு வந்த அந்த அம்மாள் அரை மணி நேரம் பேசவில்லை. பிறகு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: இதுவரை கார்டுக்குக் கட்டிய மாதம் 8,000 அடுத்த மாதத்திலிருந்து மகளின் பெயரில் தானாகவே போய்ச் சேர வேண்டும். 25 மாதத்தில் அந்த 2 லட்சம் திரும்பி நிற்கும், வட்டி தனி. படிவத்தை இருவரும் சேர்ந்து நிரப்பினோம். சேமிக்கும் பழக்கம் விட்டுப்போய்விடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதிலை நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

நீங்களும் யாரிடமாவது ஆலோசனைக்குப் போவதாக இருந்தால் எல்லா அறிக்கைகளையும் எடுத்துப்போங்கள். எல்லாரும் பட்டியலில் ஒரு கடனை விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் வீட்டில் இருப்பவருக்குத் தெரியாத கடன் அது. பெரும்பாலும் வட்டி அதிகமுள்ளதும் அதுதான். முதலில் அதைச் சொல்லுங்கள்.