பீரியட் மாறினால் ஏன் கத்துகிறான்?

பொங்கல் விடுமுறை முடிந்ததும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பள்ளிகளிலிருந்து எனக்கு வரும் போன்கள் கூடிவிடும். புகார் ஏறக்குறைய ஒன்றுதான். "அரையாண்டு வரைக்கும் நல்லா இருந்தான் மேடம். இப்போ திடீர்னு கத்துறான், பக்கத்துல இருக்கிற பிள்ளையைக் கிள்ளுறான்." ஆண்டு விழா ஒத்திகை தொடங்கிவிட்டதா என்று கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

ஒத்திகை நாட்களில் கணக்கு பீரியட் காணாமல் போகும். வகுப்பாசிரியர் நடனக் குழுவோடு போய்விட, வேறு யாரோ வந்து உட்காருவார். மைதானத்து ஸ்பீக்கரில் ஒரே பாட்டு நாள் முழுக்க ஓடும். மற்ற பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருந்த பிடிமானமே போய்விடுகிறது. ஆசிரியர்கள் இதைச் சேட்டை என்கிறார்கள். நான் பயம் என்பேன்.

1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற அவர்களின் தவிப்பு பதிவாகியிருக்கிறது. சத்தம், வெளிச்சம், தொடுதல் ஆகியவற்றை அதிகமாகவோ குறைவாகவோ உணர்வது, நோயறிதலுக்கான அமெரிக்கக் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்தது 2013இல்தான். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. வளர்ப்புக் குறையால் வருவதில்லை. செல்போன் கொடுத்ததால்தான் வந்தது என்று அம்மாக்களைக் குத்திப் பேசுகிறவர்கள், கானர் காலத்தில் செல்போன் ஏது என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? அன்றைய நாளைக் கண்ணில் காட்டுங்கள். பிரார்த்தனை, தமிழ், இடைவேளை, கணக்கு, சாப்பாடு என்று சின்னச் சின்னப் படங்களை வரிசையாக ஓர் அட்டையில் ஒட்டி மேசையில் வைத்தால் போதும். முடிந்ததை எடுத்துப் பையில் போடுவது பிள்ளையின் வேலை. ஒத்திகை என்றால் அதற்கும் ஒரு படம். மாற்றத்தை முந்தின நாளே வீட்டுக்குச் சொல்லிவிட்டால் அம்மா இரவே சொல்லித் தயார்படுத்துவார். செலவு என்று பார்த்தால் அட்டையும் பசையும்தான். பேசத் தெரிந்த பிள்ளைக்கு எதற்குப் படம் என்று கேட்பார்கள். பதற்றம் வந்தால் காதில் விழும் சொல் மனதில் நிற்காது. படம் அங்கேயே இருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

உட்காரும் இடம் அடுத்தது. கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே, மணி தொங்கும் வராந்தாவை ஒட்டிய வாசல் பக்கம் வேண்டாம். ஸ்பீக்கர் அலறும்போது நூலகத்திலோ காலி வகுப்பிலோ கொஞ்ச நேரம் இருக்க அனுமதியுங்கள். அதைத் தண்டனையாக மாற்றிவிடக் கூடாது. கையை உதறுவதையும் முன்னும் பின்னும் ஆடுவதையும் தடுக்கத் தேவையில்லை. பல பிள்ளைகள் தங்களைச் சமன்படுத்திக்கொள்ளும் வழி அது. "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்துவதையும் விட்டுவிடுங்கள். பார்வை வேறெங்கோ இருக்கும்போது நன்றாகக் கேட்கிற பிள்ளைகள் உண்டு.

பேச்சு விஷயத்தில்தான் ஆசிரியர்கள் அதிகம் கோபப்படுகிறார்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "சாப்பிட்டியா?" என்றே திருப்பிச் சொல்கிற பிள்ளை கிண்டல் செய்யவில்லை. பல நேரம் அதுவே "ஆமாம்" என்பதாக இருக்கும். "வாயை மூடு" என்றதும் ஒரு பையன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான், வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சொன்னதை அவன் சரியாகத்தான் செய்தான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். உடனே திரும்பச் சொன்னால் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எந்த மாற்றமும் இல்லாத நாளில் பிள்ளை திடீரென்று தலையை முட்டிக்கொண்டாலோ கடித்தாலோ, முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் என்று ஏதோ ஒன்று இருக்கலாம். வலிக்கிற இடத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளை வேறு எப்படிக் காட்டும்?

இன்னொன்று. அம்மா தினமும் வகுப்பில் கூடவே உட்கார்ந்தால்தான் பிள்ளையைச் சேர்ப்போம் என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடு இல்லை. அந்த அம்மாவின் வேலை போகிறது, ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் பழக்கமே ஏற்படாமல் போகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், பிள்ளைக்கேற்ற வசதிகளைச் செய்துதர வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கேட்டு வரவழையுங்கள்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தகுதியைப் பொறுத்துக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். தேர்வுக்கு முந்தின மாதம் வந்து நின்றால் யாராலும் உதவ முடியாது. ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேலையை முடித்துவிட்டு, பத்தாம் வகுப்பு தொடங்கியதும் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.