தோள் தைத்தபின் வரும் இரவுகள்

"மிஸ், பகல் பரவாயில்லை. இரவானால்தான் செத்துப் பிழைக்கிறேன்."

தோள் தசைநார் கிழிந்து, அதை எலும்போடு தைத்துக்கொண்டு வருபவர்கள் முதல் கிழமையில் அநேகமாக இதைத்தான் சொல்வார்கள். உப்புவெளிப் பக்கத்திலிருந்து வந்த ஐயா ஒருவரும் அப்படித்தான் சொன்னார். கரைவலை இழுத்தே தேய்ந்த தோள் அவருக்கு. எப்படிப் படுக்கிறீர்கள் என்று கேட்டு, கட்டிலில் படுத்துக் காட்டச் சொன்னேன்.

மல்லாந்து படுத்தார். கை ஸ்லிங் பட்டிக்குள்தான் இருந்தது. ஆனால் முழங்கை உடம்பின் மட்டத்தைவிடக் கீழே இறங்கி மெத்தையில் கிடந்தது. அப்படிக் கிடந்தால் தோள் முன்னுக்குத் தள்ளப்படும், தைத்த இடம் இழுபடும். ஒரு துவாயை நாலாக மடித்து, மேற்கைக்கும் முழங்கைக்கும் கீழே கொடுத்தேன். படுத்தபடியே தன் முழங்கை தன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் அளவு. ஐயா ஒரு பெருமூச்சு விட்டார். நெற்றிச் சுருக்கம் போய்விட்டது.

இதைவிட நல்லது சாய்ந்து தூங்குவது. நம் வீடுகளில் சாய்மனைக் கதிரை இருந்தால் முதல் சில கிழமைகளுக்கு அதுவே கட்டில். இல்லையென்றால் சுவரோரம் தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்த நிலையில் படுங்கள். தைத்த பக்கம் சரிந்து படுக்க வேண்டாம். வைத்தியர் கழற்றச் சொல்லும்வரை, பெரும்பாலும் 4 முதல் 6 கிழமை, இரவிலும் பட்டி இருக்கட்டும். நம்மூர்ப் புழுக்கத்துக்கு அக்குள் வேர்த்துப் புண்ணாகும். மெல்லிய பருத்தித் துணியொன்றை மடித்து அங்கே வையுங்கள்.

அப்புறம் குளிசை. "வலி தாங்கலாம், குளிசை வேண்டாம்" என்று பகலெல்லாம் பொறுத்துவிட்டு, இரவு இரண்டு மணிக்கு எழும்பி அழுபவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஏறிவிட்ட வலியை இறக்குவது கடினம், ஏறவிடாமல் வைப்பது சுலபம். குறிப்பாக முதல் நாள் கவனம். சத்திரசிகிச்சைக்காகக் கழுத்தடியில் போட்ட விறைப்பூசி பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். விட்டதும் வலி ஒரேயடியாக வரும். விரல் விறைப்புக் குறையத் தொடங்கும்போதே, எழுதித் தந்த குளிசையைப் போட்டுவிடுங்கள்.

பனடோல் 500 மில்லிகிராம் என்றால், வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 8 குளிசைக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தமோ மிகக் குறைந்த எடையோ இருந்தால் அதுவும் அதிகம், வைத்தியரிடம் கேளுங்கள். டைக்குளோபெனக் போன்ற வலிக் குளிசைகளை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பாமசியில் தாமாக வாங்கக் கூடாது. டிரமடோல் என்ற கடுமையான வலிக் குளிசை தந்திருந்தால் அதோடு தூக்கக் குளிசையோ சாராயமோ வேண்டவே வேண்டாம். மூச்சே அடங்கிப்போகலாம்.

படுக்க முன் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், காயக்கட்டு நனையாமல். கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்தால் சுகமாகுமா என்று பலர் கேட்பார்கள். காயம் முற்றாக ஆறும்வரை வேண்டாம். எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டாம்.

காய்ச்சல், காயத்தில் சீழ், கூடிக்கொண்டே போகும் சிவப்பு, விரல்கள் குளிர்ந்து நீலமாதல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள். நெஞ்சுவலியோ மூச்சு முட்டலோ என்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

அந்த ஐயா அடுத்த கிழமை வந்தபோது, மடித்த துவாயையும் பையில் கொண்டுவந்து, "இந்த உயரம் சரியா மிஸ்?" என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது.