பிக் எங்கே சிக்குகிறது?

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி கிற்றார் பழகுகிறான். கம்பியை விரலால் அல்ல, பிக் என்ற சின்னத் தகட்டால் அடிக்கிறான். பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒரே ஆறு சுரங்கள்தான், திரும்பத் திரும்ப. ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்து நின்றான். "அண்ணை, மெதுவா வாசிக்கேக்க எல்லாம் சரியா வருது. வேகத்தைக் கூட்டினா பிக் சிக்குது. இன்னும் மெதுவாப் பழகோணுமோ?"

இல்லை. அவனுடைய சிக்கலே மெதுவாகப் பழகியதில்தான் ஒளிந்திருந்தது.

அவன் வாசித்தது ஏ மைனர் ஆர்பெஜியோ. ஏ மைனர் என்பது ஒரு கோர்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு. ஒரு கோர்ட்டின் சுரங்களைச் சேர்த்து அடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்தால் அது ஆர்பெஜியோ. இத்தாலிய மொழியில் ஆர்பா என்பது ஹார்ப், நம் யாழுக்கு உறவுக்காரக் கருவி. ஆக, ஆர்பெஜியோ என்றால் யாழ் மீட்டுவது போல வாசிப்பது. யாழ் வாசித்த பாணனுக்குப் பரிசாகக் கிடைத்த மணல் நிலம் என்று தன் பெயருக்குக் கதை சொல்லும் யாழ்ப்பாணம் இது; இங்கே இருந்துகொண்டு இதைப் பழகாமல் விடலாமா! ஆனால் யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு உண்டு, விரல் நேரே போய்த் தொடலாம். கிற்றாரில் சுரத்தை இடக்கை தெரிவுசெய்ய, வலக்கை அடிக்க வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் சந்திக்காவிட்டால் வெறும் 'டொக்'தான்.

அந்த ஆறு சுரங்கள் இவை. (ஃபிரெட் என்பது கிற்றாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு.) மெல்லிய கம்பியை முதலாவதாக எண்ணினால், மூன்றாம் கம்பியின் 9ஆம் ஃபிரெட்டில் நடுவிரல், இரண்டாம் கம்பியின் 10இல் மோதிர விரல், முதலாம் கம்பியின் 8இல் ஆள்காட்டி விரல், அதே கம்பியின் 12இல் சின்ன விரல். பிறகு 8, 10 என்று திரும்பி வர வேண்டும். தாளம் தட்டும் கருவியான மெற்றோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து ஒரு தட்டுக்கு ஆறு சுரம் வாசித்தால் விநாடிக்கு எட்டு. ஒரு சுரத்துக்கு 125 மில்லிவிநாடி.

போனை ஒரு கதிரையில் சாய்த்துவைத்து, அவன் வலக்கையை ஸ்லோ மோஷனில் எடுத்தோம். முதலில் 40இல் வாசித்தான். மூன்றாம் கம்பியைக் கீழ்நோக்கி அடித்ததும் மணிக்கட்டு சற்று எழும்பி, இரண்டாம் கம்பியைத் தாண்டி இறங்கி, அதை மேல்நோக்கி அடித்தது. அழகான ஒரு சின்னத் துள்ளல். பிறகு 80. துள்ளலைக் காணவில்லை. பிக்கின் நுனி இரண்டு கம்பிகளுக்கும் நடுவே இறங்கி, சுவரில் முட்டிய சைக்கிள் மாதிரி நின்றுவிட்டது.

அவன் பிக்கைப் பிடிக்கும் சாய்வில், மேல்நோக்கி அடிக்கும்போது நுனி கம்பிகளின் தளத்தை விட்டு வெளியே வந்துவிடும். கீழ்நோக்கி அடித்தால் நுனி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். பலரும் இப்படித்தான் பிடிக்கிறார்கள், அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் கீழ், மேல், கீழ், மேல் என்று மாற்றி மாற்றி அடித்தால் இந்த ஆறு சுரத்தில் இரண்டு இடத்தில் பிக் உள்ளே இருக்கும்போதே கம்பி மாற வேண்டிவரும்: முதல் சுரத்துக்குப் பின்னும், ஐந்தாம் சுரத்துக்குப் பின்னும். மெதுவாக வாசிக்கும்போது துள்ளி மழுப்பிவிடலாம். 125 மில்லிவிநாடியில் அந்தத் துள்ளலுக்கு நேரம் கிடையாது.

மெதுவான அசைவும் வேகமான அசைவும் தசைக்கு ஒன்றல்ல. மெதுவாகக் கையை நகர்த்தும்போது தசை வழிநெடுகத் திருத்தங்களை வாங்கிக்கொண்டே போகிறது. வேகமாக வீசும்போது ஒரு தசை வெடிப்பாக இழுத்துவிட, எதிர்த்தசை வெடிப்பாக நிறுத்துகிறது. நடுவில் திருத்த இடமில்லை. ஊர் விளையாட்டுப் போட்டியில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டி வென்றவரைப் பருத்தித்துறை வரைக்கும் வேகமாக மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் சைக்கிள்தான், ஆனால் வேறு வேறு வித்தை.

மூளையின் பக்கத்துக் கணக்கும் இதுதான். ஒரு சத்தத்தைக் கேட்டு விரல் அசைய ஏறக்குறைய 150 மில்லிவிநாடி பிடிக்கும். அதாவது ஒரு சுரம் பிழைத்தது காதில் பட்டு, கை திருந்துவதற்குள் அடுத்த சுரம் போய்விட்டிருக்கும். கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் 1951இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்: இசைக்கலைஞரின் விரல்கள் விநாடிக்கு 16 தடவை வரை அசையக்கூடியவை; ஒரு அசைவின் உணர்வு வந்து அடுத்த அசைவைக் கிளப்ப அங்கே அவகாசம் இல்லை. ஆகவே முழு வரிசையும் முன்கூட்டியே கட்டப்பட்டு, ஒரே கட்டளையாகப் புறப்பட வேண்டும்.

இணுவில் தவில்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. 'ததிங்கிணதொம்' என்பதை யாரும் ஐந்து அடியாக எண்ணி வாசிப்பதில்லை. முதலில் வாயில் ஒரே சொல்லாக உருளும், அப்புறம்தான் கைக்கு இறங்கும். சொற்கட்டு என்ற பெயரே காரியத்தைச் சொல்லிவிடுகிறது. தம்பியிடமும் ஆறு சுரத்தை 'தகதிமிதக' என்று வாயால் சொல்லச் சொன்னேன். வெட்கப்பட்டான். பிறகு சொன்னான்.

அடியையும் மாற்றினோம். முதல் மூன்று சுரத்துக்கும் பிக்கைத் தூக்காமல் ஒரே தள்ளு: ஒரு கம்பியைத் தாண்டிய நுனி அடுத்த கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்க, அங்கிருந்து தொடர்ந்து தள்ள வேண்டும். இதுதான் ஸ்வீப் பிக்கிங். 12ஆம் ஃபிரெட்டைச் சின்ன விரலால் கொட்டி, பிறகு இழுத்துவிட்டால் 8 தானாக ஒலிக்கும். வலக்கைக்கு அந்த இடத்தில் வேலை இல்லை. மூன்றாம் சுரத்தை அடித்ததிலிருந்து ஆறாவதை மேல்நோக்கி அடிக்கும் வரை 375 மில்லிவிநாடி ஓய்வு. முதலாம் கம்பியைத் தாண்டி வர அது தாராளம். முதல் நாளே 80இல் வைத்து, மூன்று சுரம் மட்டும், பிறகு நிறுத்தம். அது வந்த பிறகு நாலு.

அடுத்த தொல்லையை இடக்கை கொடுத்தது. சுரங்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டுமானால், மோதிர விரல் அழுத்தும் அதே கணத்தில் நடுவிரல் தளர வேண்டும். உள்ளங்கையை மேசையில் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டு மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். வராது. விரல்களை இழுக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநார்களைப் புறங்கையில் குறுக்கு நார்கள் பிணைத்திருக்கின்றன. எவ்வளவு பழகினாலும் அந்தப் பிணைப்பு அறுபடாது. விரலை உயரத் தூக்காமல், கம்பி ஃபிரெட்டை விட்டு விலகும் அளவுக்குத் தளர்த்துவதுதான் வழி.

ஒன்பது மணிக்குக் கிற்றாரை வைத்துவிட்டுப் படு என்று அனுப்பினேன். அக்கறையால் மட்டும் இல்லை. 2002இல் வெளிவந்த ஒரு ஆய்வில், 4-1-3-2-4 என்ற விரல் வரிசையைத் தட்டப் பழகியவர்கள் இரவு தூங்கி எழுந்ததும், மேலதிகப் பயிற்சி இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள்.

இரண்டு கிழமையில் 80இல் நாலுக்கு மூன்று தடவை சுத்தமாக வருகிறது. இப்போது அதே ஏ மைனரை 5ஆம் ஃபிரெட்டில் பிடிக்க ஆசைப்படுகிறான். அங்கே மூன்று கம்பிக்கும் ஒரே ஃபிரெட், ஒரே விரல். நடுவிரலும் மோதிர விரலும் சண்டை பிடிக்காது. ஆனால் விரலைத் தட்டையாக வைத்தால் மூன்றும் ஒன்றாய் ஒலித்து மறுபடி கோர்ட் ஆகிவிடும். நுனியிலிருந்து கணுவை நோக்கி உருட்டிக்கொண்டே போக வேண்டும்.