சம்ப் மூடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த மூன்றாம் நாள், வடசென்னையில் ஒரு கழிவுநீர் உந்து நிலையத்துக்குப் போயிருந்தேன். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தண்ணீருக்குள்ளேயே ஓடும் வகை. ஆனால் அதை இயக்கும் மின்பேனல் தரையிலிருந்து ஒன்றரை அடியில் இருந்தது. சுவரில் சேறு கோடு போட்டிருந்த இடமோ இரண்டடி. அந்த அரை அடியில் மோட்டார் நின்றுபோக, சுற்றியுள்ள தெருக்களின் சாக்கடை மேன்ஹோல் வழியாக மேலே வந்துவிட்டது.

பேனலை அங்கே வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்த வெள்ளத்துக்கு அந்த உயரம் போதும். இப்போது கணக்கு மாறிவிட்டது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் ஏறி நிற்கும் நேரமென்றால் கொசஸ்தலை ஆறும் சீக்கிரம் வடியாது. மணலி, திருவொற்றியூர் பக்கமெல்லாம் தரை தட்டை. நின்ற தண்ணீர் லேசில் போகாது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, அதற்கப்புறம் குடிநீர்க் குழாயில் நடப்பதுதான். பல தெருக்களில் நாளில் சில மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தமே இருக்காது. வெளியே சாக்கடை கலந்த தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும். தளர்ந்த ஜாயின்ட், துருப்பிடித்த ஓட்டை என்று எது கிடைத்தாலும் அது உள்ளே இறங்கிவிடும். யாராவது லைனிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் வேகமாக இறங்கும். பாதிப்பு அவர் வீட்டோடு நிற்காது, தெருவுக்கே வரும்.

வறட்சியிலும் இதே கதைதான். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. சப்ளையைக் குறைத்தார்கள், குழாய் காலியாகக் கிடந்த நேரம் கூடியது. காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலை 2010-இல் வந்தது. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள், அந்த அளவு நல்ல தண்ணீர் நமக்கு மிஞ்சுகிறது. இரண்டும் அவசியமான வேலை. ஆனால் எத்தனை கோடி செலவில் சுத்தம் செய்த நீரும் கடைசியில் நம் தெரு ஓட்டைக் குழாய் வழியாகத்தானே வீட்டுக்கு வருகிறது? பழைய குழாயை மாற்றுவதற்கும் பேனலை மேடையேற்றுவதற்கும் திறப்பு விழா கிடையாது. அதனாலேயே அவை தள்ளிப்போகின்றன.

அதே வாரம் கொருக்குப்பேட்டையில் ஒரு அம்மா டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து காட்டினார். "கண்ணாடி மாதிரி இருக்கே சார், குடிக்கலாம்ல?" குளோரின் சோதிக்கும் குழாயில் ஊற்றி மருந்துச் சொட்டு விட்டேன். கிருமியைக் கொல்லும் குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். நிறமே வரவில்லை. அவர் வீட்டு சம்ப், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் மூடி, தெருத்தரைக்குச் சமமாக இருந்தது.

வெள்ளம் புகுந்த சம்பை முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே இறங்குவதாக இருந்தால் மூடியை வெகுநேரம் திறந்து வைத்துவிட்டு, மேலே ஒருவர் நிற்க வேண்டும். புதுத் தண்ணீர் பிடித்தபின் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு பக்கெட்டில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. குடிப்பதற்குக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

அப்புறம், உங்கள் பகுதி உந்து நிலையத்தின் பேனல் கடந்த வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று குடிநீர் வாரிய டிப்போ பொறியாளரிடமும் கவுன்சிலரிடமும் கேளுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் கேளுங்கள்.

அந்த அம்மா கொத்தனாரை வைத்து சம்ப் வாயைச் சுற்றி நாலு வரிசை செங்கல் ஏற்றிப் பூசிவிட்டார். மூடி இப்போது அவர் வீட்டுச் சுவரிலிருக்கும் சேற்றுக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது.